மீசை எடுத்த முகம்

பெற்ற அப்பன் செத்துக் கிடந்தபோதுகூட எடுக்காத மீசை அது. தலையை மொட்டையடிக்கக் குனிந்து கொடுத்த வெயிலுமுத்து, கத்தி மூக்குக்குக் கீழே வந்ததும் நாவிதரின் கையைப் பிடித்துவிட்டார். பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் சுற்றி நின்று சத்தம் போட்டார்கள். பங்காளிகள் ஒரு வருடம் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. மனிதர் அசையவில்லையே. அந்த வீம்பை அவர் மனைவி செண்பகவல்லி டீச்சர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மீசையை எடுத்தால்தான் கடலுக்குள் இறங்க முடியும் என்று தூத்துக்குடியில் ஒரு பெண் சொன்னாள்.

கடலுக்கடியில் இருக்கிற பவளத் தோட்டத்துக்கு ஒருவர் தம் ஆயுளில் ஒரு தடவைதான் போகலாம். அதுவும் குலுக்கலில் பேர் விழுந்தால். பேர் சோடியாகத்தான் விழும். சோடியில் ஒருத்தர் முடியாது என்று கையை விரித்தால் மற்றவருக்கும் இல்லை. டீச்சர் கோவில்பட்டியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். ஒவ்வொரு வருடமும் எழுதிப் போடுவார், ஒவ்வொரு வருடமும் வாயில் மண் விழும். ஓய்வு பெற்ற பிறகு, இனி எங்கே என்று விட்டபோது விழுந்தது. அன்று அவர் தெருவில் யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று தெருவே கண்டுபிடித்தது. சிரிப்பு என்பது டீச்சரிடம் கிடையாது. பிள்ளைகள் வைத்த பேர் உம்மணாமூஞ்சி. வெயிலுமுத்து கயத்தாறு பக்கம் காற்றாலை மெக்கானிக். அத்தனை உயரத்தில் தொங்கி வேலை பார்த்த மனிதர், வீட்டுக்குள் நுழைந்தால் டீச்சர் முன்னால் அட்டென்ஷனில் நிற்பார்.

மாஸ்க் பார்க்கிற அறையில் ஐந்தாறு சோடிகள் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்க் பார்த்துக் கொடுத்த பெண் பேர் ஜெஸிந்தா, தூத்துக்குடிக்காரி. ரப்பர் வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கையை எடுக்கச் சொன்னாள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு உள்ளது. விழுந்தால் வேறு. வாரை இறுக்கி ஒட்டவைக்கலாம் என்று நினைப்பது மடத்தனம், இறுக்க இறுக்க ஓரம் கோணிக்கொண்டு இன்னும் கசியும் என்றாள்.

டீச்சருக்கு முதல் மாஸ்க்கே கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் அவருக்கு ஒரு பெருமை, ஏதோ அவரே செய்த முகம் மாதிரி. ஜெஸிந்தா சுற்றுமுற்றும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்று சொன்னாள்.

"யக்கா, கீழ போயி சிரிச்சிராதீங்க. சிரிச்சாக் கன்னம் மேல ஏறும், ஓரம் விலகிரும். அழகாத்தான் இருக்கும், அடக்கிக்கிடணும்."

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்னையப் பாத்தா சிரிக்கிற ஆளாட்டமா இருக்கு?" என்றார். அறையில் இருந்தவர்கள்தான் சிரித்தார்கள்.

வெயிலுமுத்துவுக்கு மாஸ்க் விழுந்தது. வேறொன்று வைத்தாள், அதுவும் விழுந்தது. சின்னது, பெரியது, அகல மூக்குக்காரர்களுக்கு உள்ளது, எல்லாம் விழுந்தன. மீசையில் வாசலைன் பூசிக்கொண்டு வந்தால் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள் என்று வழவழவென்று பூசி வந்திருந்தார். ஜெஸிந்தா பஞ்சால் அதைத் துடைத்துவிட்டு, மீசையை எடுக்காமல் ஒன்றும் ஆகாது அண்ணாச்சி என்றாள். அவர் தரையைப் பார்த்தார். கொஞ்சம் கசிந்தால் என்ன, என் கண்ணுக்குள்தானே தண்ணீர் போகும், நான் பொறுத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். மூக்கால் பேசுவது போன்ற குரல் அவருக்கு. இன்று அது இன்னும் அமுங்கி வந்தது.

"அண்ணாச்சி, இந்த மாஸ்க் தண்ணி உள்ள வராம இருக்கதுக்கு இல்ல. உங்க மூச்சு வெளிய போகாம இருக்கதுக்கு" என்றாள் ஜெஸிந்தா. "பழைய பவளமெல்லாம் கடல் சூட்டுல வெந்து போச்சுல்லா? இப்ப இருக்கது ஆய்வுக்கூடத்துல வளத்துக் கொண்டாந்து நட்டது. சூட்டைத் தாங்கிரும். நம்ம தோல்லயும் மூக்குலயும் சும்மா கிடக்க கிருமியத் தாங்காது. ஒரு மூச்சு கசிஞ்சாப் போதும், அந்த இடம் வெளுத்துரும். அதான் உடம்பு பூரா உறை. விடுத மூச்சையெல்லாம் முதுகுல இருக்க டப்பா பிடிச்சுக்கிடும். பாக்கி இருக்கது முகம் ஒண்ணுதான்."

அப்படியானால் மனிதர்களை எதற்கு இறக்குகிறீர்கள், பூட்டி வைத்துவிட வேண்டியதுதானே என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"பாக்காத சாமிக்கு யாரு யக்கா கோயில் கட்டுவா? முதல்ல பூட்டித்தான் வச்சாங்க. யாரும் பாக்காததுக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு சனம் கேக்க ஆரம்பிச்சிட்டு."

ஆகவே விட்டார்கள். விட்டுவிட்டு, கசியவிட்டவர்களுக்கு ஒரு தண்டனையும் வைத்தார்கள். அபராதம் இல்லை, ஜெயில் இல்லை. படகுத்துறையில் ஒரு பலகை இருக்கிறது. கசிய விட்டவரின் படத்தைப் பெரிதாக்கி அதில் மாட்டுவார்கள். பக்கத்தில் ஒரு திரையில் அவர் கெடுத்த இடம் நேரலையாக ஓடும். அந்த இடம் மறுபடி நிறம் கட்டும்வரை படம் இறங்காது. சனங்களுக்கு ஜெயிலைவிட இதுதான் உறைக்கும் என்று கண்டுபிடித்தவன் நம் ஆட்களை நன்றாகத் தெரிந்தவன்.

மாஸ்க்கின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. ஒட்டியிருந்தால் நீலம், கசிந்தால் மஞ்சள். தண்ணீருக்குள் சிவப்பு கறுப்பாகத் தெரியும் என்பதால் மஞ்சள். போட்டிருப்பவருக்குத் தம் விளக்கு தெரியாது, எதிரே இருப்பவருக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் சோடி. கம்பி இல்லாத மாஸ்க்கிலிருந்து தண்ணீருக்கு மேலே சமிக்ஞை வராது. பார்த்துக்கொள்ள மூன்றாவது ஆளை அனுப்பினால் அது மூன்றாவது மூச்சு. ஆகவே அவர் விளக்கை நீங்கள் பாருங்கள், உங்கள் விளக்கை அவர் பார்க்கட்டும் என்று ஜெஸிந்தா இரண்டு தடவை சொன்னாள். டீச்சருக்கு ஒரு தடவையே போதும் என்று டீச்சர் சொன்னார்.

வெயிலுமுத்து மெதுவாக, நீ வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போயேன் என்றார். சோடி மாற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும். டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. இருபத்தெட்டு வருடம் மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை. அறைக்கு வெளியே நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"பெத்த அப்பனுக்கே எடுக்காத மீசை, மீனுக்கா எடுத்துருவாரு? எனக்குன்னு என் ஆயுசுல ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதுக்கும் குறுக்க இந்த மீசை. அதுல அப்படி என்ன புதையலா இருக்கு?"

வெயிலுமுத்து எழுந்தார். ஜெஸிந்தாவிடம் ரேசர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார்.

வெளியே வந்தபோது வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். மாஸ்க் வைத்து இழுத்தபோது முதல் இழுப்பிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் மாஸ்க் அவருக்கானது என்று பதிவதற்கு ஒரு படம் எடுக்க வேண்டும். கையை எடுங்கள் அண்ணாச்சி என்றாள் ஜெஸிந்தா. எடுத்தார்.

மேலுதட்டில், மூக்குத் துவாரத்திலிருந்து உதட்டு விளிம்புவரை ஒரு தழும்பு, வளைந்து ஓடியது. பிறவியில் பிளந்திருந்த உதட்டை எந்தக் காலத்திலோ யாரோ அவசரமாகத் தைத்திருக்கிறார்கள். உதடு அந்த இடத்தில் மேலே இழுத்துக்கொண்டு ஒரு பல் தெரிந்தது. ஒரு பெண் தன் கணவனை முழங்கையால் இடித்தாள். சின்னப் பிள்ளையில் கிரகணம் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று வெயிலுமுத்து சும்மா சொல்வது போலச் சொன்னார், யாரைப் பார்த்தும் இல்லை. கிரகணத்தன்று அவர் அம்மா வயிற்றுப் பிள்ளையோடு வெளியே வந்துவிட்டாளாம், ஊரில் அப்படிக் கதை. கேமரா சொடுக்கியது.

டீச்சருக்கு அப்போது பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். முதலில் வந்தது கோபம்தான், இத்தனை வருடம் என்னிடமும் மறைத்துவிட்டாரே என்று. அதற்குப் பிறகு வந்தது, எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம். தான் கத்திய வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தபோது அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். புதையல் என்று கேட்டோமே என்று நினைத்தார். காது சுட்டது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத ஆள். ஓரத்தில் முடி நிற்கிறது, சரியாக வழித்துவிட்டு வாருங்கள் என்றுதான் வாயில் வந்தது.

படகை ஓட்டியவர் பேர் குரூஸ். தோட்டத்துக்கு மேலே நிறுத்தி, இருவரையும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னார். டீச்சர் தலை தண்ணீருக்குள் போனதும் மைதானமும் கோவில்பட்டியும் முழங்கால் வலியும் மேலேயே நின்றுவிட்டன.

கீழே பார்த்ததை டீச்சர் பிற்பாடு யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. மான்கொம்பு மாதிரி கிளைத்தது ஒன்று, முட்டைக்கோஸ் இலை மாதிரி மடிந்தது ஒன்று, மூளையை அப்படியே எடுத்து வைத்தது போல ஒன்று. மஞ்சளும் ஊதாவும் இளம்பச்சையும் சரிவு நெடுக இறங்கிக்கொண்டே போயின. கிளிமீன்கள் பாறையைக் கறுக்முறுக்கென்று கடித்துத் தின்கிற சத்தம் காதில் கேட்டது, பக்கத்து வீட்டில் முறுக்குத் தின்கிற மாதிரி. கம்பிக் கோடு போட்ட சின்ன மீன்கள் கூட்டமாக வந்து, டீச்சர் கையை நீட்டியதும் ஒன்றாகத் திரும்பின. முப்பது பிள்ளைகளை இப்படி ஒன்றாகத் திருப்ப அவர் ஒரு டேர்ம் முழுவதும் விசில் ஊதுவார். சிரிக்கவில்லை. கண்தான் நிறைந்தது. கணவரின் நெற்றி விளக்கையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே வந்தார். நீலம்.

அப்புறம்தான் அந்தப் பொடி மீன் வந்தது. கட்டைவிரல் நீளம் இருக்காது, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. தன் வீட்டுக்கு முன்னால் வந்து நின்ற வெயிலுமுத்துவின் கண்ணாடியில் நேரே வந்து முட்டியது. பின்னால் போய் மறுபடி ஓடிவந்து முட்டியது. அதட்டுகிறதாம். வெயிலுமுத்து ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு தண்ணீருக்குள்ளேயே காலைச் சேர்த்து, உடம்பை விறைத்து, அட்டென்ஷனில் நின்று அதற்கு ஒரு சல்யூட் அடித்தார். அடித்துவிட்டு ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்தார்.

மாஸ்க்குக்கும் வாய்க்குழாய்க்கும் நடுவே அந்தத் தழும்பு துளி மறைப்பில்லாமல் இருந்தது. அதை மறைக்க முயற்சி செய்யாத முகம் ஒன்றை டீச்சர் அப்போதுதான் பார்த்தார். மொட்டையடித்த பையன் மாதிரி இருந்தார் மனிதர். டீச்சர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், விளக்கை அல்ல.

திடீரென்று வெயிலுமுத்துவின் கண் மாறியது. மேலே, மேலே என்று கட்டைவிரலைக் காட்டினார். டீச்சர் தலையாட்டினார், முடியாது என்று. அவர் டீச்சரின் கையைப் பிடித்துக் கயிற்றை நோக்கி இழுத்தார். பாதித் தோட்டம்கூடப் பார்க்கவில்லை.

படகில் குரூஸின் திரை அலறிக்கொண்டிருந்தது. பாறையில் பதித்து மேலே கம்பி இழுத்திருந்த கருவி கசிவைப் பிடித்துவிட்டது, ஆனால் யாருடையது என்று அதற்குத் தெரியாது. ஏறியதும் மாஸ்க்குகளை மருந்து வாளியில் போட்டுவிட வேண்டும், கிருமி பரவக் கூடாது. தண்ணீரை விட்டு வெளியே வந்ததுமே விளக்குகளும் அணைந்துவிடும். மிச்சமிருப்பது எதிரே இருந்தவரின் வாக்குதான். குரூஸ் குரல்பதிவைப் போட்டுவிட்டு, டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, அண்ணாச்சி விளக்கு மஞ்சளாச்சா?"

டீச்சருக்கு உடம்பெல்லாம் ஆத்திரம். இத்தனை வருடம் காத்திருந்தது பாதியில் போயிற்று. தழும்புக் குழியில்தான் கசிந்திருக்கும், ஓரத்து முடியைச் சரியாக வழித்திருக்கமாட்டார், வேறு என்ன இருக்க முடியும்? முகத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். உப்புக் கரித்தது. அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆமா. ஆச்சு. நான் பாத்தேன்" என்றார்.

வெயிலுமுத்து அவரை ஒரு தடவை பார்த்தார். குரூஸ் அவர் பக்கம் திரும்பி, அம்மாவோடது எப்படி என்று கேட்டார்.

"நீலம்" என்றார் வெயிலுமுத்து. "கடைசி வரைக்கும் நீலம்தான்."

லாட்ஜுக்குப் போகிற வழியெல்லாம் டீச்சர் பேசிக்கொண்டே வந்தார். வெயிலுமுத்து துண்டால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். அறைக்கு வந்ததும் டீச்சர் முகம் கழுவக் குழாயடிக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தார்.

மாஸ்க் அழுத்திய தடம் முகத்தில் வட்டமாகச் சிவந்திருந்தது. நெற்றியில் இருந்தது, வலது கன்னத்தில் இருந்தது, உதட்டுக்கு மேலே இருந்தது. இடது கன்னத்தில் மட்டும் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளியிலிருந்து உதட்டோரம்வரை, சிரித்தால் மடிகிற மடிப்பில், வெள்ளையாக உப்புக் காய்ந்து நின்றது.

டீச்சர் அதைக் கழுவவில்லை. வெளியே வந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் துண்டை விலக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் தடம் முழு வட்டமாக இருந்தது. தழும்பின் மேலேயும் விட்டுப்போகாமல் ஓடியது. சின்ன வயதிலிருந்து உதட்டை அசைக்காமல் கண்ணால் மட்டுமே சிரித்துப் பழகிய முகம் அது. அதற்கு எந்த மாஸ்க்கும் கசியாது.

"என்னோடது மஞ்சளாச்சா?" என்று டீச்சர் கேட்டார்.

அவர் துண்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"கேக்கேன்லா. சொல்லுங்க."

"ஆச்சு."

"ஏன் நீலம்னு சொன்னீங்க?"

வெயிலுமுத்து துண்டை மடித்தார், பிரித்தார். "நீ சிரிச்ச" என்றார். "வாழ்க்கைப்பட்டு வந்ததுலேருந்து இன்னைக்குத்தான் நான் அதைப் பாக்கேன். அதுக்குப் போயி பலகையில படம் மாட்டுவாங்கன்னா, நீ பெறகு சிரிப்பியா?"

டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தான் பார்க்காத மஞ்சளை டீச்சர் பார்த்தேன் என்று சொன்னபோது, பார்த்த மஞ்சளை அவர் நீலம் என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் பொய்தான். ஒரே தராசில் வைக்க முடியாத பொய்கள். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. அன்று அதற்குமேல் அவர் கணவரோடு பேசவில்லை. பேசுவதற்கு இருந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் காலையிலேயே மாஸ்க் அறையில் செலவழித்துவிட்டிருந்தார்.

மறுநாள் பஸ்ஸுக்குப் போகிற வழியில் படகுத்துறை. பலகையில் படம் ஏறிவிட்டது. ஆள் உயரத்துக்கு வெயிலுமுத்துவின் முகம், மீசையில்லாமல், கேமராவுக்காகக் கையை எடுத்த அந்தக் கணம். தழும்பு ஒரு முழம் நீளத்துக்கு இருந்தது. பக்கத்துத் திரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெளுத்த வட்டம். அதன் ஓரத்தில் அந்தப் பொடி மீன் தன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்பன் பிணத்துக்கு முன்னால்கூடக் காட்டாத உதட்டை வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். வெயிலுமுத்து துண்டைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, வேகமாக பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

டீச்சர் நேராக ஜெஸிந்தாவிடம் போனார். கசிந்தது என் மாஸ்க், நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன், படத்தை மாற்று என்றார். ஜெஸிந்தா அவர் கன்னத்தையே பார்த்தாள். மாற்ற வேண்டுமானால் அண்ணாச்சி வந்து சொல்ல வேண்டும், உங்கள் விளக்குக்கு அவர்தான் சாட்சி என்றாள். பஸ் நிறுத்தத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டும் பார்த்தாள். போனவன் திரும்பி வந்து, மஞ்சள் எனக்குத்தான் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

டீச்சர் பலகைக்கு முன்னால் போய் நின்றார். அன்றைய சோடிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் படத்தைக் காட்டித் தன் உதட்டை மேலே இழுத்துக் காண்பித்து, கூட நின்றவளைச் சிரிக்கவைத்தான். டீச்சர் மைதானத்துக் குரலில் பேசினார்.

"அவரு இல்ல. என் மாஸ்க்தான் கசிஞ்சது. நான்தான் பொய் சொன்னேன். அவரு மேல ஒரு தப்பும் கிடையாது."

உதட்டை இழுத்தவன் தலையைக் குனிந்துகொண்டான். வரிசையில் நின்ற ஒரு பெண், டீச்சர் வயதுதான் இருக்கும், படத்தையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டே வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் மறுபடியும் சொன்னார், நிஜமாகவே நான்தான் என்று. அந்தப் பெண் புரிகிறது, புரிகிறது என்று தலையாட்டினாள். பிறகு தன் கணவன் பக்கம் திரும்பி, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பாத்துக்கிடுங்க. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும். புருசன் செஞ்ச தப்பத் தன் தலையில போட்டுக்கிடுதாங்க." டீச்சர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "உங்க வீட்டுக்காரரு குடுத்து வச்சவருக்கா."

வரிசையில் நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். பஸ் நிறுத்தத்தில் வெயிலுமுத்து துண்டைப் பொத்திக்கொண்டு நின்றார்.